மதில் எடுத்த படம்

புளியங்கூடல்,
18.10.1984

அன்பு மகன் ஞானச்சந்திரனுக்கு அப்பா எழுதுவது.

நயினை அம்மன் துணையில் நானும் அம்மாவும் சுகம். நீர் சுகமாக இருப்பதை நீர் அனுப்பிய பதினாறு படங்களிலும் கண்டோம். ஆகையால் உம்முடைய சுகத்தை விசாரித்து இடத்தை வீணாக்கவில்லை.

ஊருக்கு வர லண்டனில் மூன்று வருடமாக லீவு தருகிறார்கள் இல்லை என்று எழுதினீர். போர்த்துக்கலுக்கு மட்டும் இரண்டு கிழமை தந்த அந்த முதலாளிக்கு எங்கள் நன்றியைச் சொல்லவும். பழைய பட்டினம், இடிந்த கோட்டை, பக்கத்தில் கடல் என்று ஒன்றரைப் பக்கம் வர்ணித்திருந்தீர். அதே போர்த்துக்கல் பறங்கியர் கட்டிய இடிந்த கோட்டை ஊர்காவற்றுறையிலும் கடலைப் பார்த்துக்கொண்டுதான் கிடக்கிறது. அந்த வழியால் எத்தனை வருடம் பள்ளிக்கூடம் போனீர், ஒருநாளாவது சைக்கிளை விட்டு இறங்கினீரா? அவர்கள் கப்பலில் வந்து எங்கள் ஊரைப் பார்த்தபோது நாங்கள் ரிக்கற் கேட்கவில்லை. நீரோ ரிக்கற் எடுத்து, வரிசையில் நின்று, அரண்மனையில் ராசா படுத்த கட்டிலைப் பார்த்திருக்கிறீர். நீர் படுத்த கட்டில் இங்கே வெறுமனே கிடக்கிறது. அம்மா இன்னும் கிழமைக்கு ஒருமுறை அதற்கு விரிப்பு மாற்றுகிறார்.

இனி விசயத்துக்கு வருகிறேன். கரம்பொன் ஊர்ப் பரராசசிங்கத்தார் தன் மகளுக்கு உம்மைக் கேட்டுப் போன வெள்ளிக்கிழமை வந்தார். அவருடைய தமக்கை அன்னபூரணமும் கூட வந்தார். மாப்பிள்ளை இல்லாத வீட்டில் காட்டுவதற்குப் படம்தானே உண்டு? "பெடியன் தனியத்தான் போனவர், கூடாத சகவாசம் ஒண்டும் இல்லை" என்று சொல்லிக் கொழுக்கட்டையோடு பதினாறையும் நீட்டினேன். அந்த அன்னபூரணம் அரண்மனையையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை, உம்மையும் பார்க்கவில்லை. உம் காலடி நிலத்தையே பார்த்தார்.

"தனியப் போனவரை ஆர் படம் எடுத்தது?"

"கமராவை மதிலிலை வைச்சிட்டு ஓடிவந்து நிண்டவராம்" என்றேன். அந்த நேரம் வாயில் வந்தது அதுதான்.

"ஓமோ? இஞ்சை நிழல் விழுந்திருக்கு, பாருங்கோ. அந்த ஊர் மதிலெல்லாம் சீலை உடுத்துக்கொண்டே நிக்கிறது?"

பார்த்தேன். வெயில் சரிந்த நேரத்துப் படங்கள். ஒன்பது படங்களில் ஒரே நிழல் உம் சப்பாத்துவரை நீண்டு கிடக்கிறது. கடற்கரைப் படத்தில் அதன் சீலைத் தலைப்பு காற்றில் பறக்கிறது. பரராசசிங்கத்தார் கடித்த கொழுக்கட்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழும்பினார். சம்பந்தம் அத்தோடு குழம்பியது. எனக்கு வெட்கத்தில் வாசல்வரை போய் வழியனுப்பவும் கால் வரவில்லை.

ஆகவே அந்த நிழல் பஸ்ஸில் கூட வந்த யாரோ ஒரு கிழவியுடையது என்று கரம்பொனுக்கு உடனே எழுதவும். பரராசசிங்கத்தாரின் மகளைத் தவிர வேறொருத்தி இந்த வாசற்படி மிதிக்க நான் உயிரோடிருக்கும்வரை விடமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடவும். குளிருக்குக் காதை மூடவும். என் கையில் அகப்படும்வரையாவது அம்மன் உம்மைக் காப்பாற்றட்டும்.

கோபத்துடன்,
அப்பா தம்பிஐயா

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரம் அம்மா பறித்து வாசித்தார். கரம்பொனுக்கு ஒன்றும் எழுதவேண்டாமாம். கடற்கரைப் படத்தைச் சாமியறையில் வைத்திருக்கிறார். "வெள்ளைக்காரிக்கு இப்பிடித் தலைப்பு விடத் தெரியுமே? எங்கடை பிள்ளைதான். சீலையோடை அந்தக் கல்லெல்லாம் ஏறியிருக்கிறாள், பாவம்" என்கிறார். அவர்கள் வந்துபோன நாளிலிருந்து நானும் பார்க்கிறேன், நிழல் நல்ல உயரம்தான். அடுத்த லீவை இரண்டு பேருக்குக் கேளும். ஊர்காவற்றுறைக் கோட்டையில் கமராவை நான் பிடிக்கிறேன், நீங்கள் இருவரும் முன்னுக்கு நில்லுங்கள்.