தொண்ணூறும் வந்தாச்சு

கடைசி எண் வில்லையும் பையிலிருந்து வெளியே வந்துவிட்டது. ஏசுதாஸ் அதை மேசைமேல் வைத்து, "ஆறும் மூணும்... அறுபத்தி மூணு..." என்று தமக்கே உரிய இழுவையோடு சொல்லிவிட்டுக் காத்திருந்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை.

தம்போலா ஆடத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விபரீதம் என்று புரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆளுக்கொரு சீட்டு, சீட்டில் பதினைந்து எண்கள். ஏசுதாஸ் பைக்குள் கைவிட்டு எடுத்துச் சொல்லும் எண் நம் சீட்டில் இருந்தால் அதன்மேல் ஒரு புளியங்கொட்டையை வைக்க வேண்டும். பதினைந்தும் முதலில் நிரம்பியவர் 'ஹவுஸ்' என்று குரல் கொடுத்தால் எவர்சில்வர் குடம் அவருக்கு. ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை எல்லா எண்ணும் வந்துவிட்டால், உட்கார்ந்திருக்கும் நாற்பது பேருமே ஜெயித்தவர்கள்தான். அந்த நாற்பது பேரில் ஒருவர்கூடக் குடத்தைக் கேட்கவில்லை.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், உரக்கடை மாடியில், ஞாயிறு தோறும் இரண்டு மணிக்கு ஏசுதாஸின் தம்போலா கிளப் நடக்கும். தரையில் கோரைப்பாய், ஜன்னலுக்குப் பச்சைத் திரை, தலைக்குமேல் மெதுவாகச் சுற்றும் இரண்டு மின்விசிறிகள். வருகிறவர்கள் எல்லாம் வாரத்தில் ஆறு நாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள். பன்னிரண்டு பேரோடு ஆரம்பித்தது, விளம்பரமே இல்லாமல் நாற்பதாயிற்று. ஏன் ஆயிற்று என்று ஏசுதாஸ் யோசித்ததில்லை. தன் குரல்தான் காரணம் என்று ஒரு சின்ன எண்ணம் மட்டும் உள்ளே இருந்தது.

எண் சொல்லும்போது அவருக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். மூடினால் வாலாஜாபாத் கிளை தெரியும், அதற்கு நீல வண்ணம் அடித்திருக்கும். அப்புறம் ஓரிக்கைக் கிளை. கூரத்தில் சின்னதாக ஒன்று, வாசலில் ஒரு பன்னீர் மரம். மரத்தடியில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். நடுநடுவே கண்ணைத் திறந்து பார்த்தால் நாற்பது தலைகளும் சீட்டின்மேல் கவிந்திருக்கும். எவ்வளவு ஈடுபாடு என்று அவருக்கு மனம் நெகிழ்ந்துபோகும்.

வீட்டில் மனைவி பிரிஸ்கில்லாவுக்கு மனம் நெகிழவில்லை.

"தொண்ணூறும் வந்தாச்சு, ஒருத்தரும் ஜெயிக்கலையா?"

"ரொம்பக் கவனமா ஆடிக்கினு இருந்தாங்க."

"கவனமா ஆடினா ஜெயிக்க மாட்டாங்களா? தபாருங்க, நாலு வாரம் டைம். நாலாவது ஞாயித்துக்கெழமை அறுபது பேர் வரணும். இல்லன்னா மறுநாள் காலைல வாலாஜாபாத் பஸ் ஏறிடுங்க. எங்க அண்ணன் ரைஸ்மில்லுல உங்க வேலை அப்படியே கீது."

அந்த வேலை மூட்டைகளை எடை போடுவது. பதினோரு வருடம் தவிட்டுத் தூசியில் தும்மிக்கொண்டே அதைச் செய்திருக்கிறார் ஏசுதாஸ். கண்ணை மூடினால் மூட்டை தவறும், எனவே அங்கே கனவு காண வழியில்லை. மறுபடி அந்தத் தராசின் முன்னால் நிற்பதை நினைக்கும்போதே அழுகை வரும்போல் இருந்தது.

கடைவீதியில் செல்போன் கடை வைத்திருக்கும் அசீமிடம் போனார்.

"உங்க வாய்ஸு சாப்ட்டு அண்ணா. பின்வரிசைக்குப் போய்ச் சேரல. அதான் யாரும் கேக்கல. ஸ்பீக்கர் வெச்சிடலாம்."

"அறுபது பேர் வருவாங்களா பாய்?"

"சத்தம் கேட்டா வராம இன்னா?"

முதல் வாரம் ஸ்பீக்கரில் "ஏழு" என்றார். ஜன்னலில் இருந்த புறாக்கள் பறந்தன. நாற்பது பேரும் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார்கள். புளியங்கொட்டைகள் கூடமெங்கும் சிதறின. சொக்கம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டாள். இப்போதுதான் எல்லோருக்கும் காது கேட்கிறது என்று ஏசுதாஸ் சந்தோஷப்பட்டார்.

இரண்டாம் வாரம் இருபத்தாறு பேர் வந்தார்கள்.

"கொறைஞ்சிடுச்சே பாய்."

"பையில கைய வுட்டு எடுத்துக்கினு இருந்தா யாரு வருவாங்க? மிஷின் வந்துகீது. அதுக்குள்ள பந்து சுத்தும், ஒண்ணொண்ணா வெளிய துப்பும். துப்பறப்ப மணியடிக்கும், செவப்பு லைட்டு எரியும். பெரிய டிவியில நம்பர் வரும்."

டிவி மாட்டச் சுவர் வேண்டும் என்று சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் நடுவே நகர்த்தப்பட்டார்கள். பாய்கள் போய் அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. வெளிச்சம் வேண்டும் என்று திரையையும் கழற்றியாயிற்று. சுவரோரத்தில் முதல் நாளிலிருந்து இடம் பிடித்திருந்த சிட்டம்மாள், வெயில் முகத்தில் அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"நைனா, அந்த மணிய கொஞ்சம் நிறுத்தேன்."

"மணியடிச்சாதானே நம்பர் வந்தது தெரியும்?"

"தெரிஞ்சு?"

தொழில்நுட்பத்தைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் விளக்கினார் ஏசுதாஸ். காற்று எப்படி வருகிறது, பந்து எப்படி எழும்புகிறது, எல்லாம் நிறுத்தி நிதானமாக. அந்தப் பத்து நிமிடமும் கூடம் பழையபடி அமைதியாக இருந்தது. யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. புரிந்துகொண்டார்கள் என்று நம்பி மறுபடி மணியைப் போட்டார்.

மூன்றாம் வாரம் பதினொரு பேர்.

"இப்ப செல்போன்லயே ஆடற மாதிரி பண்ணிட்டேன் அண்ணா," என்றார் அசீம். "அவங்க நம்பர் வந்தா போன் உதறும். வெரலால தொடற வரைக்கும் வுடாது. இனிமே யாரும் ஜெயிக்காம தப்பிக்க முடியாது."

பதினொரு போன்களும் உதறின. போன் இல்லாதவர்களுக்கு அசீம் கடையிலிருந்து இரவல் வந்திருந்தது. கூடம் தேன்கூடு கலைந்த மாதிரி ஆயிற்று. அரை மணியில் குடத்தை ஒருத்தி ஜெயித்தாள். அவள்கூட அதை வாங்கிக்கொண்டு, எதையோ பறிகொடுத்தவள்போல் கீழே இறங்கிப் போனாள்.

நான்காம் ஞாயிறு. மணி இரண்டரை. அறுபது நாற்காலியும் காலி. இயந்திரத்துக்குள் பந்துகள் யாருக்காகவோ சுற்றிக்கொண்டிருந்தன. நாளைக் காலை ஏழேகால் பஸ் ஏசுதாஸின் கண்முன் வந்து நின்றது.

ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்த அசீம், "அண்ணா, எல்லாரும் கம்யூனிட்டி ஹாலுக்குள்ள போறாங்க," என்றார்.

"அங்க இன்னா கீது?"

"கன்னியப்பன் சார். வேளாண்மைல இருந்து ரிட்டையர் ஆனாரே, அவரு. மண்ணு பரிசோதனை பத்தி வாராவாரம் பேசறாராம்."

"பரிசு?"

"ஒண்ணும் இல்ல."

"டீ?"

"அதுவும் இல்லியாம்."

ஏசுதாஸுக்கு வயிறு எரிந்தது. எதிராளி என்ன புதுக் கருவி வைத்திருக்கிறான் என்று பார்த்துவிட வேண்டும் என்று ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஹாலுக்குள் மைக் இல்லை, மணி இல்லை, டிவி இல்லை. சாத்திய ஜன்னல், பாய்கள், இரண்டு மின்விசிறிகள். கன்னியப்பன் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "களிமண்ணானது... ஈரத்தைத் தன்னுள்... தக்கவைத்துக்கொள்ளும்..." என்று வாசித்துக்கொண்டிருந்தார். ஏசுதாஸ் ஒவ்வொரு தலையாக எண்ணினார். அறுபத்து நாலு. அத்தனையும் குனிந்த தலைகள். அத்தனை ஈடுபாடு. தன்னுடைய ஆட்கள் இன்னொருவனுக்கு இப்படித் தலைகுனிந்திருப்பதைப் பார்க்க அவருக்குக் கண் கலங்கியது.

சுவரோரமாகப் போய்ச் சிட்டம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் கேட்டார்.

"நான் குடம் குடுத்தேன், டீ குடுத்தேன். இந்த ஆளு மண்ணப் பத்திப் பேசறான். அப்படி இன்னாதான் கீது இங்க?"

சிட்டம்மாள் ஒரு கண்ணை மட்டும் பாதி திறந்தாள்.

"தொணதொணன்னு பேசாத செவுத்துல சாஞ்சுக்கோ நைனா, பகல்ல கண்ண மூட எவ வூட்ல வுடறாங்க, அதான் மின்ன தம்போலான்னு சொல்லிக்கினு வந்தோம், இப்ப மண்ணு பரிசோதனைன்னு சொல்லிக்கினு வரோம்."