குளியலறைப் போர்ச்சுகீஸ்

பம்பாய் மாட்டுங்காவில் போர்ச்சுகீசிய மொழியைப் பரப்பிய பெருமை லிஸ்பன் ஒருவரையே சேரும். கோவாவில் போர்ச்சுகீசியர்கள் நானூறு வருஷம் உட்கார்ந்து செய்ததை, அவர் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து மெஸ் ஒன்றில், ஒரே ஒரு குளியலறையை வைத்துக்கொண்டு, ஒரு மழைக்காலத்தில் செய்து முடித்தார்.

லிஸ்பன் என்பது, போர்ச்சுகல் தலைநகரை நினைத்து நாங்கள் வைத்த பெயர். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. மனைவியும் பெண் குழந்தையும் ஊரில். அவர் எங்களோடு மெஸ்ஸில், ஒரு கட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக. பம்பாயில் வீடு கிடைக்காமலே வருஷங்கள் ஓடிவிட்டன. கோவா இந்தியாவோடு சேர்ந்த மறு வருஷம் அவர் கம்பெனி அங்கே கிளை திறந்தது. போர்ச்சுகீஸ் தெரிந்தவருக்கு வேலை, கூடவே குடும்பத்தோடு இருக்க குவார்ட்டர்ஸ். மனிதர் அன்று சாயங்காலமே குருவைத் தேடிக் கிளம்பினார்.

குரு எதிர் பில்டிங்கில் கிடைத்தாள். பெயர் லூசியா. கோவாவிலிருந்து குடிவந்த குடும்பம். ஏழாம் வகுப்பு. தன் பழைய பள்ளிக்கூடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வினைச்சொற்களை நடத்தினாள். தட்சிணை, ஞாயிற்றுக்கிழமை மெஸ் கேசரி. கண்டிப்பான பெண். 'பேசு' என்பதை நிகழ்காலத்தில் தப்பாகச் சொன்னதற்காக, நாற்பதை நெருங்கிய மனிதரைப் பால்கனியில் சுவரைப் பார்த்து நிற்க வைத்தாள். ஆபீஸ் விட்டு வந்த நாங்கள் எல்லோரும் கீழேயிருந்து கூப்பிட்டோம். அவர் திரும்பவில்லை. குரு உத்தரவு.

ஆனாலும் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. கடைசியில், சின்ன வயதில் வேதம் படித்த வழியையே பிடித்தார்: கண்ணை மூடி, தலையை ஆட்டி, ராகம் போட்டு. "ஃபாலு, ஃபாலஷ், ஃபால..." பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான். ஏறிவிட்டது. என்ன, நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான். லூசியா தலையில் அடித்துக்கொண்டாள். "அங்கிள், யே சர்ச் நஹி ஹை!" இது சர்ச் இல்லையாம்.

பயிற்சியெல்லாம் குளியலறையில். வெளியே தோளில் துண்டோடு க்யூ.

"ஓய் லிஸ்பன், இறந்தகாலத்தோட வெளில வாரும்! எனக்கு லோக்கல் ரயில் போயிடும்!" என்று கதவை இடிப்பார், பாங்க்கில் வேலை பார்த்த கிச்சு.

"எதிர்காலம் இன்னும் பாக்கி இருக்கு, ஸார்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். பிறகு நிகழ்காலத்திலிருந்து ஆரம்பிப்பார்.

க்யூவில் நின்று நின்று எங்களுக்கும் மனப்பாடமாகிவிட்டது.

இன்டர்வியூ நாளன்று மெஸ்ஸில் ஒருவரும் சாப்பிட உட்காரவில்லை. லிஸ்பன் வந்தார்.

"மேனேஜர் போர்ச்சுகீஸ்ல ஏதோ கேட்டார். நான் கண்ணை மூடிண்டு மூணு காலத்தையும் சொல்லி முடிச்சேன்."

"அவர் என்னதான் கேட்டாராம்?"

"ஒண்ணுமில்லை. 'உட்காருங்கோ'ன்னாராம்."

"போச்சு! வேலை?"

"கிடைச்சுடுத்து. வேற யாருமே வரலையாம்."

கோவா ஆபீஸில் எல்லோரும் கொங்கணி பேசினார்கள் என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் மனைவியும் குழந்தையும் அங்கே வந்து சேர்ந்துவிட்டதால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவர் கோவாவுக்குக் கிளம்பிப் போன மறுநாள் காலை வழக்கம்போல் துண்டோடு க்யூவில் நின்றோம். உண்மையைச் சொன்னால், மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கிச்சு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கூடவே, "ஃபாலு, ஃபாலஷ்..."

நாங்கள் வெளியே தலையை ஆட்டிக்கொண்டு நின்றோம். எதிர்காலம் முடிகிறவரை ஒருவரும் கதவைத் தட்டவில்லை.