தூறல் வாங்கிய வாய்தா

கோர்ட்டைக் காட்டும் எந்தக் காட்சிக்கும் கோர்ட்டிடமே தடையில்லாச் சான்று வாங்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. நாடகக்காரர்களுக்காக எழுதிய விதி. நாடகக்காரர்கள் போய்விட்டார்கள், விதி மட்டும் ஓய்வு பெறவில்லை.

ஆகவே அக்காவும் தம்பியும் தங்கள் வீடியோ கேமைச் சுமந்துகொண்டு கோர்ட் அலுவலகப் படியேறினார்கள். அக்கா கதை எழுதுகிறவள், தம்பி படம் வரைகிறவன். கேமில் ஒரு தையல்காரர் கொலைப்பழியோடு லாக்கப்பில் இருக்கிறார். அவர் நிரபராதி என்று காட்டும் ஒரே சாட்சியம் ஒரு பொத்தான். அது கோர்ட்டிலேயே, பெஞ்சுக்கு அடியில் கிடக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் அதை எடுத்தால் அவர் விடுதலை. முதல் பாகத்தில் அவருடைய வழக்கை எடுத்தவர் புயல் வக்கீல், பேசும்போதே மேசையை உடைப்பவர். இந்தப் பாகத்தில் அவருக்குப் பதிலாகப் புது நாயகி, தூறல். மெல்லப் பேசுவாள், தரையைப் பார்த்து நடப்பாள்.

வெளியீட்டுக்குப் பத்து நாள் இருந்தது. அந்தத் தேதி தவறினால் பென்சிலை வைத்துவிட்டு மாமனாரின் சிமெண்ட் கடையில் உட்காருவதாகத் தம்பி வாக்குக் கொடுத்திருந்தான்.

தலைமை எழுத்தர் முப்பது வருடத்தில் யாரிடமும் ஒரு வாய் டீ வாங்கிக் குடிக்காதவர். அதனாலேயே அவரிடம் ஒரு காரியமும் நடக்காது என்று பெயர் எடுத்தவர். காகிதங்களைப் புரட்டினார்.

"வக்கீல் மாறியிருக்காரே?"

"ஆமா சார். இப்ப தூறல்னு ஒரு பொண்ணு."

"பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கொடுத்தாரா?"

"சார், அவர் பொம்மை."

"பொம்மையா இருந்தா கட்சிக்காரரை நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிடலாமாம்மா?"

உண்மையில் அக்கா கதையில் அவரை அப்படித்தான் விட்டிருந்தாள்.

மறுநாள் தம்பி புயல் வக்கீலின் கையெழுத்தை வரைந்து கொண்டுவந்தான். எழுத்தர் முதல் பாகத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, பூதக்கண்ணாடியையும் எடுத்தார்.

"அதுல இடது கையால போடுறார். இது வலது கை. நீங்க வரைஞ்சதா தம்பி?"

"ரெண்டுமே நான் வரைஞ்சதுதான் சார்."

"அப்ப ரெண்டுமே போலி."

குறை இருப்பதால் மனுவைத் திருப்பித் தருவதாக எழுதினார். ஆனால் எண் இல்லாத காகிதத்தைத் திருப்பித் தர விதியில் இடமில்லை. ஆகவே திருப்பித் தருவதற்காகவே ஓர் எண் கொடுத்தார். எண் விழுந்ததும் அது வழக்காகிவிட்டது. வழக்கானதைத் திருப்பித் தர விதியில் இடமில்லை. மூன்றே நாளில் விசாரணைப் பட்டியலிலும் ஏறியது. யாரும் உண்மையில் சிறையில் இல்லாத வழக்கு என்பதால் தாமதத்துக்குக் காரணம் கிடைக்கவில்லை.

விசாரணைக்கு முதல் நாள் எழுத்தர் அக்காவை ஓரமாக அழைத்தார். கண் சிவந்திருந்தது.

"நேத்து ராத்திரி உட்கார்ந்து விளையாடிப் பார்த்தேன்மா. நாற்பது நிமிஷத்துல பொத்தான் கிடைச்சுடுச்சு. அந்த ஆளு நிரபராதி."

"அதை நீதிபதிகிட்ட சொல்லிடுங்க சார்."

"நான் எப்படிச் சொல்றது? நான் அலுவலகம்."

மறுநாள் நீதிபதி கேட்டார்: "குற்றம்சாட்டப்பட்டவர் எங்கே?"

"லாக்கப்புல, ஐயா. கம்ப்யூட்டருக்குள்ள" என்றாள் அக்கா.

"வழக்கு எத்தனை நாளில் முடிகிறது?"

"ஒரு மணி நேரத்துல, ஐயா."

கோர்ட்டே சிரித்தது. அக்காவுக்குப் பக்கத்தில், பதினான்கு வருடமாகத் தன் வழக்குக்கு வந்துபோகும் ஒரு பெரியவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பொதுமக்கள் மனத்தில் தவறான நம்பிக்கையை விதைக்கலாகாது என்று உத்தரவானது. உள்ளது உள்ளபடி காட்டினால் வெளியிடலாம்.

வெளியீட்டுக்கு நான்கு நாள் இருந்தது. அக்கா கதையைத் திருத்தினாள். தூறல் தினமும் கோர்ட்டுக்குப் போவாள், பெஞ்சில் உட்காருவாள், எழுந்து நிற்பாள், வாய்தா வாங்குவாள். அடுத்த தேதி சுவர்க் காலண்டர்படிதான் வரும். ஒன்றை மட்டும் அக்கா மாற்றவில்லை. பொத்தான் பெஞ்சுக்கு அடியில் அப்படியே கிடந்தது. குனிந்து எடுத்தால் போதும், தையல்காரர் வீட்டுக்குப் போவார்.

சான்று கிடைத்தது. சொன்ன தேதியில் கேம் வெளியாயிற்று. தம்பியின் மாமனார் உள்பட ஊரே விளையாடியது. தனக்குக் கிடைத்த வாய்தாவைப் படம் பிடித்துப் பெருமையோடு பகிராதவர் இல்லை. நீண்ட வாய்தா வாங்கியவருக்குக் கூடுதல் மரியாதை. அசல் கோர்ட்டின் பெஞ்சில் காத்திருந்தவர்களும் கைப்பேசிக்குள் காத்திருந்தார்கள், அந்தப் பெரியவரும்தான். ஆறு மாதம் ஆகியும் ஒருவர்கூடக் குனியவில்லை.

அக்கா தலைமை எழுத்தரிடமே கேட்டாள்.

"பொத்தான் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமே சார்?"

"தெரியும்மா. எடுத்துட்டா நாளைக்கு எங்க போறது?"

வீட்டுக்கு வந்தாள். தம்பி மாமனாரின் கடைக்குப் போகவில்லை. மேசையில் தையல்காரரின் முகத்தை விரித்துவைத்து யோசித்துக்கொண்டிருந்தான்.

"ஆறு மாசமா உள்ள இருக்காரே அக்கா. முடி நரைக்க வேண்டாமா? இல்ல, நாமளே பொத்தானை எடுத்து அவரை வெளிய விட்டுடலாமா?"

அக்கா அந்த முகத்தைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது.

"காதோரமா ரெண்டு மூணு போடு, போதும்" என்றாள். "ரொம்ப நரைச்சுடாதே. அடுத்த பாகத்துக்கும் வேணும்."