கட்டிலுக்கு அடியில் பச்சை நூல்

அதிகம் பேசாதவன் தப்பு செய்ய மாட்டான் என்று நினைத்திருந்தேன். ஒரு குழந்தையின் ஸ்வெட்டர் கையை நான் பேசாமலேதான் அறுத்துத் தள்ளினேன்.

எட்டாவது வரை படிப்பு. வெலிங்டன் பக்கம் ஒரு பட்டறையில் முப்பது வருடம் ஃபிட்டர். ரிட்டயர் ஆன அன்று கூட வேலை பார்த்தவர்கள் ஓர் எந்திரம் கொடுத்தார்கள். தோசைக்கல் அளவு இருக்கும். தானாக ஓடி வீடு கூட்டும். (சுவர்க் கடிகாரம் கொடுத்திருந்தால் வம்பே இல்லை.) என் மனைவி சரோஜாவுக்கு வீசிங். தூசி ஆகாது. அதனால் வைத்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. எந்திரத்துக்குள்ளிருந்து ஒரு பெண் இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். கம்பெனிக்குப் போன் போட்டேன்.

“பிரஷ்ல ஏதோ சுத்தியிருக்குங்க சார். கவுத்திப் பாருங்க.”

பார்த்தேன். பச்சைக் கம்பளி நூல். பிளேடால் அறுத்தேன். ஓடியது.

மறுநாளும் அதே பெண், அதே நூல். பிரஷ்ஷைக் கழற்றி ஆயில் விட்டேன். அதற்கு மறுநாளும் நூல். எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை. பட்டறைப் பழக்கம் அது. சிக்கினால் அறுக்க வேண்டும், ஓட்ட வேண்டும். எங்கிருந்து வந்தது என்று கேட்பது சூப்பர்வைசர் வேலை. அறுத்ததை எண்ணெய் துடைக்க ஆகும் என்று டப்பாவில் போட்டேன்.

எங்கள் வீட்டில் சொல்லக் கூடாத பெயர் ஒன்று இருந்தது. கவிதா. ஒரே மகள். தானே ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். “இனி அவ பேரு இந்த ஊட்டுல கேக்கக் கூடாது” என்றேன். நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். மூன்று வருடமாக சரோஜா அதை மீறவில்லை.

ஒரு நாள் அவள் கேட்டாள்.

“ஏனுங்க, எலிப்பொறி ஒண்ணு வாங்கிட்டு வாரீங்களா?”

“எலியா?”

“கட்டிலுக்கடியில துணியக் கடிக்குதுங்க.”

“என்ன துணி?”

“பழசுதானுங்க.”

வாங்கி வந்தேன். கம்பி அடிக்கிற ரகம். அவளே வைத்தாள்.

மறுநாள் காலை எந்திரம் கட்டிலுக்கு அடியில் போனது. பட்டென்று ஒரு சத்தம். அந்தப் பெண் மறுபடி பேசினாள். நான் படுத்து உள்ளே நகர்ந்தேன். பொறியில் பிரஷ். பக்கத்தில் வாய் திறந்த துணிப்பை. அதற்குள் ஊசியோடு ஒரு பச்சை ஸ்வெட்டர், உள்ளங்கை இரண்டு சேர்த்த அளவு. ஒரு கைதான் இருந்தது. இன்னொரு தோளில் இருந்து நூல் நுனி வெளியே தொங்கியது.

“யாருக்கு?”

சரோஜா சுவரைப் பார்த்தாள். “கவிதாவுக்குப் பையன் பொறந்து அஞ்சு மாசமாச்சுங்க. கட்டபெட்டுல இருக்கறா. அங்க பனி சாஸ்தி.”

எனக்குப் பேரன் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. பாதி உடம்பு கட்டிலுக்கு அடியில்.

“அந்தக் கைய நாலு வாட்டி பின்னீட்டனுங்க. மறுநா பாத்தா இருக்காது. எலின்னு நெனச்சேன்.”

“எலி இல்ல,” என்றேன். “நான்.”

“அந்தப் பச்சை இப்பக் கடையில இல்லீங்க.” அழுதாள். (அழுகையைவிட அந்த ‘ங்க’தான் குத்தியது.)

டப்பாவைக் கொண்டுவந்து வைத்தேன். எல்லாம் துண்டு துண்டு, எண்ணெய்ப் பிசுக்கு. இரண்டு முறை சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டாள். கறை போகவில்லை. நான் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன், அவள் பின்னினாள். மூன்று நாளில் கை முளைத்தது. கறுத்த கை.

பஸ் பிடித்துக் கட்டபெட்டு போனோம். கவிதா கதவைத் திறந்து பார்த்தாள். நகர்ந்து வழி விட்டாள். ஸ்வெட்டரை வாங்கிக் குழந்தைக்குப் போட்டாள். மோந்து பார்த்தாள்.

“என்னங்கப்பா, ஒரு கை மட்டும் மெஷின் ஆயில் வாசம் அடிக்குது?”

மூன்று வருடத்தில் முதல் பேச்சு. எனக்கு என்னென்னவோ சொல்ல இருந்தது.

“பிரஷ்ல சிக்கிருச்சு,” என்றேன்.

பேரனுக்கு இப்போது நாலு வயது. சாக்ஸ் ஒன்று காணவில்லை என்றாலும், “அப்பிச்சி அறுத்துட்டாரு” என்று என்னைக் கை காட்டுகிறான். எல்லோரும் சிரிப்பார்கள். நான் மறுப்பதில்லை. நூலையாவது டப்பாவில் வைத்திருந்தேன். அவனுடைய முதல் ஐந்து மாதம் எந்த டப்பாவிலும் இல்லை.

எந்திரம் இன்னும் வாரம் ஒரு தரம் நிற்கிறது. நூலை இழுத்துக் காட்டி, “சரோஜா, இது யாருது?” என்று கேட்கிறேன். அவள் வந்து பார்த்துச் சொல்லும்வரை பிளேடை எடுப்பதில்லை.