கந்த சஷ்டியில் நான் கொடுத்த உடல்நல வாக்குமூலம்

விரத நாட்களில் நான் பொய் சொல்வதில்லை. (மற்ற நாட்களைப் பற்றிக் கேட்காதீர்கள்.) அந்த நல்ல பழக்கம்தான் என்னை ஒருமுறை மனநல ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தது.

அறுபதுகளில் தாராவியில் ஒரு தகர டப்பாப் பட்டறையில் வேலை பார்த்தேன். "டாக்டர் காகிதம் சரியா வந்தா பர்மனென்ட்" என்று முதலாளி சேட் சொல்லியிருந்தார். கல்யாணமாகி மூன்று மாதம். அந்த பர்மனென்ட்டை நம்பித்தான் மாமனார் பெண்ணைக் கொடுத்திருந்தார்.

மராத்தி டாக்டரம்மா ஒருவர், வெளிநாட்டில் தயாரான கேள்வித்தாளோடு வந்தார். உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன என்று தொழிலாளியே சொல்ல வேண்டுமாம். அதைத் தமிழாக்க, எட்டாவது வரை படித்த நான் அகப்பட்டேன். "முதலில் நீயே பதில் சொல்லிப் பார்" என்றார். அன்று கந்த சஷ்டி ஐந்தாம் நாள். பேச்செல்லாம் என் ஓட்டை இந்தியில்.

"இந்த வாரம் சாப்பாடு குறைந்ததா?"

"நின்னே போச்சு டாக்டரம்மா. பாலும் பழமும்தான்."

"தூக்கம்?"

"வெறுந்தரையில. நாலு மணிக்கு எந்திரிச்சுப் பச்சைத் தண்ணில குளியல்."

"மனைவியோடு?"

"பேச்சோட சரி."

"அழுகை வருவதுண்டா?"

"தினமும் சாயங்காலம் பாடும்போது."

"தனியாக இருக்கையில் பக்கத்தில் யாரோ இருப்பதுபோல…"

"எப்பவும் இருக்கான்! கையில வேலோட!"

வேலுக்கு இந்தியில் என்ன சொல்வதென்று தெரியாததால் குத்துவதுபோலச் செய்து காட்டினேன். (முழு வேகத்தில், பக்தியோடு.) டாக்டரம்மா நாற்காலியோடு பின்னால் போனார்.

அரை மணியில் ஆஸ்பத்திரி வண்டி வந்தது. "விரதம், விரதம்" என்று நான் கத்தக் கத்த, கம்பவுண்டர் பிடியை இறுக்கினார். "அரே, நல்லாத்தானே டப்பா அடிச்சிட்டிருந்தான்!" என்று சேட் எனக்கு அஞ்சலி செலுத்தினார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு பொய் சொன்னா முருகன் கோவிச்சுக்கிடவா போறாரு? அந்த டாக்டரம்மாட்ட சொல்லுங்க, எங்க தெருவுல இந்த வாரம் பாதிப்பேரு விரதமிருந்து இப்படித்தான் கெடக்காக. அவங்க வண்டி பத்தாது!"

அதையும் நானே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

டாக்டரம்மா வெகுநேரம் சிரித்தார். பிறகு கேள்வித்தாளின் உச்சியில் முதல் கேள்வியாக, "இப்போது விரதம் ஏதும் உண்டா?" என்று எழுதினார். எனக்கு, "புத்தி தெளிவாக உள்ளது" என்று சர்ட்டிபிகேட் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

சேட் அதை இரண்டு தடவை படித்தார். "இந்தப் பட்டறையில புத்தி சரின்னு எழுத்துல வெச்சிருக்கிறவன் நீ ஒருத்தன்தான்" என்று பர்மனென்ட் ஆக்கினார்.

இன்றும் வீட்டில் நான் ஏதாவது யோசனை சொன்னால், பிள்ளைகள் முழிப்பார்கள். என் மனைவி சொல்வாள்: "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்லே. சர்ட்டிபிகேட் இருக்குல்லா!"