பேஸ் வாசிச்சது யாரு?

கதவிடுக்கு வழியாகப் போனை நீட்டிப் பிடித்திருந்த கை மரத்தே போய்விட்டது. ஆனாலும் வீட்டு மாப்பிள்ளை ரீமிக்ஸ் இம்மியும் அசையவில்லை.

உள்ளே திரைச்சீலையை எல்லாம் இழுத்துவிட்டு, பட்டப்பகலிலேயே கும்மிருட்டு. மாமனாரும் மாமியாரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். அந்த இருட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது ஒரு குறட்டை.

சாதாரணக் குறட்டையா அது! அடிவயிற்றில் கிளம்பி, தொண்டையில் ஒரு குலுக்குக் குலுக்கி, 'ம்ம்ர்ர்ர்' என்று தரைக்கு இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் மேலே ஏறும். மாமனாரோ ஊதினால் பறந்துவிடுகிற ஆள். அந்த உடம்புக்குள் எங்கேதான் இதை ஒளித்துவைத்திருக்கிறாரோ என்று ரீமிக்ஸுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"என்னங்க பண்றீங்க?" முதுகுக்குப் பின்னால் மனைவியின் கிசுகிசுப்பு.

"ஷ்ஷ்! பேஸ் எடுத்துட்டிருக்கேன்."

"எங்கப்பா குறட்டையையா?"

"குறட்டைன்னு சொல்லாத. நாதம்."

ரீமிக்ஸுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மூக்குக் கண்ணாடிக்கு ஃபிரேம் மாட்டுவான். கை கொஞ்சம் ஓய்ந்தால் போதும், போனில் ஆப்பைத் திறந்து பாட்டுப் போட உட்கார்ந்துவிடுவான். கண்ணாடிக் கூட்டைப் 'படக் படக்' என்று மூடித் திறந்து தாளம் எடுப்பான். கடையில் எல்லாரும் சேர்ந்து வைத்த பெயர்தான் ரீமிக்ஸ். எல்லாம் சரி, பாட்டுக்கு அடியில் கனமாக ஓட வேண்டிய பேஸ் மட்டும் அமையவே இல்லை. ஆப்பில் இலவசமாகக் கிடைத்ததெல்லாம் பசித்த கொசு மாதிரிக் கத்தின.

அமையாவிட்டால் பின்பக்கத்து ரூம் கைவிட்டுப் போய்விடும்.

வீடு மாமியாருடையது. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். காலியாகக் கிடந்த அந்த ரூமில் டியூஷன் நடத்த வேண்டும் என்பது அவர் ஆசை. ஸ்டூடியோ வைக்க வேண்டும் என்பது ரீமிக்ஸின் ஆசை. இப்போதைக்கு அவனுடைய ஸ்டூடியோ குளியலறைதான். பாதிப் பாட்டில் யாராவது அவசரமாகக் கதவைத் தட்டுவார்கள்.

"போன்ல விரலத் தேய்க்கிறதெல்லாம் சங்கீதமா மாப்பிள்ளை?" என்று மாமியார் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார். "என்னைக் கடைசி வரைக்கும் உக்காந்து கேக்க வைக்கிற மாதிரி ஒண்ணு போடுங்க. ரூமு உங்களுக்கு. இல்லன்னா டியூஷன் பெஞ்சு வந்து எறங்கிடும்."

அதனால்தான் இந்தக் குறட்டை. அதன் புகழ் குடும்பம் முழுக்கத் தெரிந்ததுதான். "இந்த மனுஷன் குறட்டையில என் பாதித் தூக்கம் போச்சு! திடுக்குனு தூக்கிவாரிப் போட்டு எந்திரிப்பேன். வேலையில இருந்தப்ப ஸ்கூலுக்குப் போனாதான் எனக்கு நிம்மதி" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். அவர் பதில் பேசி யாரும் பார்த்ததில்லை.

ரீமிக்ஸ் குறட்டையை ஆப்பில் போட்டான். கொஞ்சம் தாழ்த்தினான், கொஞ்சம் இழுத்தான், லேசாக எதிரொலி சேர்த்தான். அடேயப்பா! ஏதோ பெரிய மரவாத்தியம் மண்ணுக்கடியிலிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

பாட்டை முடித்து மாமியாருக்குப் போட்டுக் காட்டினான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விரல் நாற்காலிக் கையில் தானாகவே தாளம் போட்டது. பாட்டு முடிந்தது.

"இன்னொரு தடவ போடுங்க."

போட்டான்.

"கீழ ஒண்ணு ஓடுதே, என்ன கம்பீரம்! எங்கயோ கேட்ட மாதிரியும் இருக்கு, கேக்காத மாதிரியும் இருக்கு. யாரு வாசிச்சது?"

ரீமிக்ஸ் போனை அவசரமாகச் சட்டைப் பைக்குள் செருகினான். சமையலறை வாசலில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"அது... எங்க கடையில கூட வேலை செய்யறவர் அத்தை."

"என்ன வாத்தியம்?"

"வாயால... ஊதற மாதிரி ஒண்ணு."

"இவ்வளவு தம் புடிச்சு வாசிக்கிறவர நேர்ல பாக்காம விடலாமா? ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க. கேட்டுட்டு அன்னைக்கே ரூம் சாவியைத் தரேன்."

தப்பிக்க ஒரு வழி பார்த்தான். வாஷிங் மெஷின் சத்தத்தைப் பதிவு செய்து, குறட்டையை எடுத்துவிட்டு அதை நுழைத்து, "இன்னும் நல்லா மாத்தியிருக்கேன் அத்தை" என்று போட்டுக் காட்டினான். ஆரம்பத்திலேயே மாமியார் கையை உயர்த்திவிட்டார்.

"இதுல உயிரு இல்ல. பழைய ஆளையே வரச் சொல்லுங்க. எதிர்வீட்டு வக்கீலம்மாவையும் மாடிவீட்டுக்காரங்களையும் நான் கூப்ட்டாச்சு."

வேறு வழியில்லாமல் ரீமிக்ஸ், பவரின் காலைப் பிடித்தான். பவர் கடையில் கண் பரிசோதனை செய்கிறவன்.

"மச்சி, சும்மா ஊதற மாதிரி ஊது. சத்தம் என் போன்ல இருந்து ஸ்பீக்கருக்குப் போயிடும்."

"எதுலடா ஊதறது?"

சுற்றுமுற்றும் பார்த்தான். கடையின் வேக்யூம் கிளீனர் மூலையில் நின்றிருந்தது. அதன் நீளக் குழாயைக் கழற்றினான். நடுவில் ஒரு ஒயரைச் சுற்றி, அதன் முனையைத் தன் டேப்லட்டில் செருகினான்.

"டிஜிட்டல் குழல். யாரு கேக்கப் போறா?"

"உன் மாமியாரு கேப்பாங்கடா. அவங்க கண்ணாடி வாங்க வந்தன்னைக்கு என்னையே திருப்பி டெஸ்ட் பண்ணிட்டுப் போனாங்க!"

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. மாமனார் மூலையில் ஜூஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பவர் குழாயை வாயில் வைத்துக் கன்னத்தை உப்பினான். ரீமிக்ஸ் போனைத் தட்டினான். ம்ம்ர்ர்ர்...

"ஆகா!" என்றார் வக்கீலம்மா.

அந்த ஆகாவில்தான் வந்தது வினை. பாராட்டைக் கேட்ட பவருக்குத் தான் நிஜமாகவே வாசிப்பதாக நினைப்பு வந்துவிட்டது. கண்ணை மூடினான், தலையை ஆட்டினான், குழாயோடு சேர்ந்து மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தான். கடையின் தூசு அத்தனையும் மூக்கில் ஏறியது.

"அச்ச்ச்!"

குழாய் ஒரு பக்கம், பவர் ஒரு பக்கம். அச், அச், அச். பேஸ் மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் ம்ம்ர்ர்ர் என்று போய்க்கொண்டே இருந்தது.

மாடிவீட்டுக்காரர் கேட்டார்: "அவருதான் தும்மறாரே, அப்ப வாசிக்கிறது யாரு?"

ரீமிக்ஸ் பதறிப்போய் போனை அமுக்கினான். வியர்வை விரல் வழுக்கி வேறெங்கோ பட்டது. எதிரொலி, இழுப்பு, தாழ்ப்பு எதுவும் இல்லாத அசல் பதிவு ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் கிளம்பியது. பச்சைக் குறட்டை. அதைத் தொடர்ந்து கூடம் அதிர:

"என்னங்க பண்றீங்க?"

"ஷ்ஷ்! பேஸ் எடுத்துட்டிருக்கேன்."

"எங்கப்பா குறட்டையையா?"

வக்கீலம்மாவுக்கு ஜூஸ் புரையேறியது. மாடிவீட்டுக்காரர் நாற்காலியோடு குலுங்கினார். மாமியார் மட்டும் எழுந்து நின்றார். ரீமிக்ஸ் கையைக் கட்டிக்கொண்டான்.

"மன்னிச்சிடுங்க அத்தை. மாமா, நீங்களும் மன்னிச்சிடுங்க. ரூமெல்லாம் வேணாம்."

மாமனார் எதையோ சொல்ல வாயெடுத்தார். மாமியார் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"பேசாதீங்க! கண்டவங்க முன்னாடி மானம் போச்சு!" என்று அவரை ஒரு போடு போட்டுவிட்டு, மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "ஆனா நான் வார்த்தை மாறமாட்டேன். பாட்டைக் கடைசி வரைக்கும் கேட்டேன், அதுவும் ரெண்டு தடவ. ரூமு உங்களுக்குத்தான்."

ரீமிக்ஸுக்குக் காதை நம்ப முடியவில்லை.

"ஒரே ஒரு கண்டிஷன். என் தூக்கத்தக் கெடுத்த அந்தக் குறட்டை இனிமேலாவது ஒரு வேலைக்கு உதவட்டும். மத்தியானம் இவரு அந்த ரூம்லதான் படுக்கணும். மாசா மாசம் எனக்கு ஒரு புதுப் பாட்டு வேணும், இதே நாதத்தோட. வரலன்னு வெச்சுக்கோங்க, மறுநாளே டியூஷன் பெஞ்சு!"

"வந்துடும் அத்தை! கொட்டும்!"

மறுநாள் மத்தியானம் பின்பக்கத்து ரூமில் புது மெத்தை விரிந்தது. தலையணைக்கு ஒரு பக்கம் போன், மறுபக்கம் டேப்லட். ஜன்னலை அடைத்து, மின்விசிறியின் வேகத்தைக் குறைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். இவ்வளவு பயபக்தியோடு அவன் இதுவரை யாரையும் தூங்கவைத்ததில்லை.

"அடுத்த பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் கனமா வேணும் மாமா. நல்லா மூச்ச இழுத்துத் தூங்குங்க."

மாமனார் போர்வையை விலக்கினார். பிறகு எழுந்து உட்கார்ந்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, மருமகன் காதோரம் குனிந்தார்.

"மாப்ளே, அன்னைக்கு நீங்க போனை உள்ள நீட்டினப்போ நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன், வாயத் தொறந்தா உங்க அத்தை முழிச்சுக்குவா, குறட்டை நின்னு உங்க ரெக்கார்டிங் கெட்டுப்போயிடுமேன்னுதான் கம்முனு கெடந்தேன்."