அடன்னா அழுத அத்தியாயம்

பத்தாம் அத்தியாயத்தையும் காணவில்லை.

ஒபியோரா வாத்தியார் மேசைக்கடியில் தேடினார், பாய்க்கடியில் தேடினார். நைஜீரியாவிலிருந்து பிரிந்து போரிட்டுக்கொண்டிருந்த பியாஃபிராவில் காகிதம் கிடைக்காத காலம். மூடிய பள்ளிக்கூடத்துப் பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில்தான் அவர் தமது போர் நாவலை எழுதிவந்தார். போரும் பொருளாதாரமும் பெண்ணின் கடமையும் அதில் வந்தன. எதிரியின் உப்பை வாங்குகிறவன் துரோகி என்பது ஆறாம் அத்தியாயம்.

மனைவி உலோமா கூடையில் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா வீட்டுக்குப் புறப்பாடு. போர் தொடங்கியதிலிருந்து அவளுக்குத் தாய்ப்பாசம் பெருகிவிட்டது.

"ஆடு தின்னிருக்கும்," என்றாள்.

"ஆட்டைத்தான் போன மழைக்கே நாம தின்னுட்டமே."

"அப்போ கரையான்தான், உஜு அப்பா."

கரையானுக்கு இவ்வளவு இலக்கிய ருசியா என்று அவருக்குச் சந்தேகம். அடுத்த அத்தியாயத்தை எழுதித் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார்.

அடுத்த முறை போன உலோமா வெறுங்கூடையோடு திரும்பினாள். கைகாலெல்லாம் முள் கிழித்திருந்தது. சூப்பில் உப்பில்லை, கருவாடும் இல்லை. இத்தனை நாளும் அவை எங்கிருந்து வந்தன என்று வாத்தியார் கேட்டதில்லை. மாமியார் நல்லவள் என்று மட்டும் நினைத்திருந்தார். சின்னவள் உஜு ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நகர்த்தினாள். குழந்தையின் பாதங்கள் லேசாக வீங்கியிருந்தன. அந்தப் பசி வீக்கம் எங்கே போய் முடியும் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

உப்பில்லாத கோபம் நாவலில் இறங்கியது. அதுவரை ஒவ்வோர் அத்தியாயத்திலும் காடு மேடு தாண்டி, ஆற்றைக் கடந்து, குண்டு மழையில் ஓடிக்கொண்டிருந்த கதாநாயகி அடன்னாவை வீட்டில் உட்காரவைத்தார். போர்க்காலத்தில் பெண்ணின் இடம் அடுப்படி என்று அவளையே சொல்லவைத்தார். பிறகு முழு அத்தியாயமும் அழவைத்தார்.

உலோமா அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"அவ போகலன்னா யாரு போவா?"

"கதையில உனக்கென்ன பேச்சு? ஆம்பளைங்க போவாங்க."

"ஆம்பளைங்களைத்தான் வழியிலேயே பட்டாளத்துக்குப் பிடிச்சிட்டுப் போயிடுறாங்களே."

அவள் குரலைத் தணித்துக்கொண்டு, அம்மா கதை கேட்க ஆசைப்படுகிறாள், பூட்டி வைத்ததையும் இதையும் சேர்த்துக் கொடுங்கள் என்றாள். வாத்தியார் குளிர்ந்துபோனார். மாமியாருக்கு எழுத்து வாசனை உண்டென்று அதுவரை அவருக்குத் தெரியாது. சாவியை அவிழ்த்தார்.

அவள் போன இரண்டாம் நாள் ஊர்ச் சந்தையில் யாரிடமும் உப்பில்லை. உலோமாவோடு போன பெண்கள் அத்தனை பேரும் காலிக் கூடையோடு வந்தார்கள். வரும்போது வாத்தியார் வீட்டை ஒரு தினுசாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். உலோமா உள்ளே வந்து உஜுவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்கம்மாவுக்குக் கதை பிடிக்கலையா?" என்று கேட்டார் ஒபியோரா.

வாசலில் செருமல் கேட்டது. சந்தையில் உப்பு விற்கும் எக்கேமா, காலிக் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே நின்றாள்.

"வாத்தியாரே, அந்த அடன்னாவை மறுபடியும் ஆத்தைக் கடக்க விடுங்க. இத்தனை நாளா ஒரு அத்தியாயம் குடுத்தா எங்க எல்லாரையும் ஆத்துக்கு அந்தப் பக்கச் சந்தைக்குப் போய்வர விட்டுட்டிருந்தான். இப்ப, அவ வீட்டுல உக்காந்து அழுதா நீங்களும் உங்க வீட்டுலயே உக்காந்து அழுங்கன்னு துரத்திட்டான், அந்தக் கரையில காவல் நிக்கிற எதிரிப் பட்டாளத்து சார்ஜென்ட்."